பால், பிரசவம், பிணம்

கட்டி முதலில் என் சட்டைக் காலரைத்தான் தொந்தரவு செய்தது. கல்லூரிகளுக்கிடையே நடக்கும் சொற்போட்டிகளுக்குக் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்து, மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டு போவது என் வழக்கம். வலது காதுக்குக் கீழே, தாடையெலும்பு முடிகிற இடத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று திரண்டிருந்தது. வலி இல்லை. வலி இல்லாததால் அதை நான் மதிக்கவும் இல்லை. பொங்கலுக்குள் அது எலுமிச்சங்காய் அளவுக்கு வளர்ந்து, பொத்தான் எட்டாமல் போனது. அப்போதும் நான் போனது தையற்காரரிடம்தான், மருத்துவரிடம் அல்ல.

என் குரலைப் பற்றி எனக்குக் கர்வம் உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. தியாகதுருகம் கோட்டை மலையின் பின்புறம், ஆடு மேய்ப்பவர்கள் மட்டும் வரும் பாறையொன்றின்மேல் நின்று, மூச்சை எங்கே நிறுத்துவது, எங்கே விடுவது என்று பழகியவன் நான். ஒரு பட்டியலில் இரண்டைச் சொல்லி நிறுத்தினால் கூட்டம் காத்திருக்கும். மூன்றாவது விழுந்ததும் கைதட்டும். நான்காவது வந்தால் கலைந்துவிடும். இதை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. மேடை மேடையாகப் பேசி நானே கண்டறிந்தேன். கல்வியிலும் வேலையிலும் எங்கள் சமூகத்துக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று தென்னார்க்காட்டின் ஒவ்வொரு கூட்டுரோட்டிலும் மேடை எழுந்த ஆண்டுகள் அவை. கரும்பு வெட்டிவிட்டு வந்து நிற்பவர்களையும் வக்கீல்களையும் ஒரே வாக்கியத்தில் பிடித்து நிறுத்தக்கூடிய மாணவன் என்று என்னைச் சொன்னார்கள். சொன்னதில் தவறில்லை.

சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் கட்டியை அறுத்து எடுத்தார்கள். அது சுரப்பியில் வந்ததல்ல, எலும்பில் வந்ததுமல்ல. தசையையும் நரம்பையும் சுற்றிக் கட்டியிருக்கும் மென்மையான திசுவில் வந்தது, அரிதாகக் காண்பது என்றார்கள். அரிதானது என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் ஒரு சின்னப் பெருமிதம்கூட எழுந்தது. அதைத் தணித்தவர் கதிர்வீச்சுப் பிரிவின் மருத்துவர். நடுவயதுப் பெண்மணி, சொற்களை வீணாக்காதவர்.

"கட்டிய எடுத்தாச்சு. ஆனா அது ஒட்டிக்கிட்டிருந்த பக்கம் பெரிய ரத்தக்குழாய் ஓடுது. அங்க மிச்சம் மீதி இல்லன்னு யாராலயும் சொல்ல முடியாது. கரண்ட் வைக்கணும்."

கதிர்வீச்சுக்கு அந்த மருத்துவமனையின் வராந்தாவில் அதுதான் பெயர்.

"பேச்சு?" என்று கேட்டேன்.

"தொண்டை புண்ணாகும். எச்சில் சுரக்கறது குறையும். குரல் கம்மும். பழையபடி வருமான்னு கேட்டா, எனக்குத் தெரியாது."

"வைக்காம விட்டா?"

"மறுபடி வந்தா அறுக்கறதுக்கு அங்க இடம் கிடையாது." பிறகு என் அப்பாவின் பக்கம் திரும்பினார். "ஐயா, இத நீங்க ஞாபகம் வச்சுக்குங்க. சனி, ஞாயிறு மிஷின் கிடையாது. மத்த நாள்ல ஒரு நாள்கூட விடக்கூடாது. நாம விடற ஒவ்வொரு நாளும் கட்டிக்கு லாபம்."

வாதத்தில் தோற்றுப் பழக்கமில்லாத நான், அன்று எதிர்வாதம் எதுவும் இல்லாமல் தலையசைத்தேன். குரலா உயிரா என்பது பட்டிமன்றத் தலைப்பாக இருந்தால் குரலின் பக்கம் நின்று என்னால் வென்றிருக்க முடியும். அங்கே நடுவர் இல்லை.

முதலில் வலப்பக்கத்தில் சொத்தையான கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார்கள். பின்னர் கழுத்தில் ஊதா நிற மருந்தால் கோடு கிழித்துக் கட்டம் போட்டார்கள். அதில் தண்ணீர் படக்கூடாது, எண்ணெய் படக்கூடாது, சவரக்கத்தி படக்கூடாது. கனத்த கதவுள்ள அறையில் பலகைபோன்ற கட்டிலில் படுக்க வைத்துத் தலையை ஒரு பக்கம் திருப்பி, "அசையாதீங்க, எச்சில்கூட முழுங்காதீங்க" என்று சொல்லிவிட்டு எல்லோரும் வெளியேறுவார்கள். கதவு மூடும். இயந்திரம் தலைக்கு மேல் தனியாக முனகும். நான் பேசாமலும் அசையாமலும் இருக்க வேண்டிய ஒரே இடம் அது. நாளடைவில் கட்டத்துக்குள்ளிருந்த தோல் சிவந்து, கறுத்து, ஓரங்களில் ஈரமாகி உரிந்தது. கூழும் சோறும் நாக்கில் ஒரே சாம்பலாயின. எச்சில் நூலாகத் திரிந்தது. குரல் முதலில் கரகரத்து, பிறகு காற்றாகி, கடைசியில் எதிரே இருப்பவர் என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் நிலைக்கு வந்தது.

சிகிச்சை பாதி கடந்திருந்தது. ஒரு சனிக்கிழமை தியாகதுருகத்தில் கூட்டம். சாலை மறியலுக்கான முன்னறிவிப்புக் கூட்டம் அது. மறியல் தொடங்கும் நாள் இன்னும் தள்ளியிருந்தது. அமைப்பாளர் ஆள் அனுப்பியிருந்தார்: "பேச வேணாம்பா. வந்து மேடையில குந்துனா போதும்." வெள்ளிக்கிழமை மாலை அப்பாவுடன் பேருந்து ஏறினேன். திங்கட்கிழமை காலைக்குள் திரும்பிவிடலாம் என்பது எங்கள் கணக்கு. கழுத்தைச் சுற்றி மெல்லிய துண்டு போட்டுக்கொண்டேன். மேடைப் பேச்சாளன் துண்டு போடுவதில் யாருக்கும் ஐயம் வராது.

எனக்குப் பதிலாகப் பேச நிறுத்தப்பட்டவன் என் வகுப்புத் தோழன். இரண்டு இறுதிப் போட்டிகளில் என்னிடம் தோற்றவன். அவன் சுமாராகத்தான் தொடங்கினான். முடிக்கும்போது கையை உயர்த்திச் சொன்னான்: "பால் போகலாம், பிரசவம் போகலாம், பிணம் போகலாம். வேறு எதுவும் இந்தச் சாலையில் போகாது!"

கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. நான் அந்த வரியை அங்கேயே உட்கார்ந்து எடைபோட்டேன். மூன்று பொருள்கள், மூன்றும் பகர வரிசை, பாலில் தொடங்கிப் பிணத்தில் முடிகிறது. பொறாமையில் என் காது சூடாயிற்று. கழுத்து வெந்து கிடந்த எனக்குக்கூட அந்தப் பட்டியலில் ஒரு குறையும் தெரியவில்லை.

குறித்த நாள்வரை யாரும் பொறுக்கவில்லை. ஞாயிறு விடியும்போது எங்கள் ஊருக்கும் கள்ளக்குறிச்சிக்கும் இடையே சாலையோரப் புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. பேருந்துகள் நின்றுவிட்டன. சென்னைச் சாலையும் அடைபட்டிருந்ததால், கள்ளக்குறிச்சி போய்ச் சுற்றிப் போகலாம் என்று நானும் அப்பாவும் அந்தப் பக்க ஊர் எல்லையில் விழுந்து கிடந்த முதல் மரத்தடிக்கு நடந்துபோனோம். கோடரிகளோடு நின்றவர்கள் எல்லோரும் தெரிந்த முகங்கள்தாம். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் எனக்கு மச்சான் முறை.

"எங்க மாமா கெளம்பிட்டீங்க?" என்றார் அவர்.

"மெட்ராஸுக்குடா. நாளைக்குக் காலைல இவனுக்குக் கரண்ட் வெக்கணும்."

"கரண்டா? நம்மூர்ல லைட்டு எரியறதே பெருசு. இவுரு மெட்ராஸ் போயி வெச்சிக்கினு வராராமா?" என்றான் பின்னாலிருந்து ஒருவன். சிரித்தார்கள்.

நான் பேச வாயைத் திறந்தேன். நோயுற்றவனைத் தடுப்பது நம் கோரிக்கையின் நியாயத்தைக் குறைக்கும் என்று தொடங்கி, நேர்த்தியாக மூன்று படிகளில் ஏறும் ஒரு வாதம் என்னிடம் முழுமையாக இருந்தது. வெளியே வந்தது சீறல்.

"இன்னா சொல்றாரு? பேச்சாளருக்கு மைக்க குடுங்கடா!"

நான் துண்டை அவிழ்த்தேன்.

சிரிப்பு அப்படியே நின்றது. மச்சான் முறைக்காரர் கோடரியைக் கீழே வைத்தார். "யாரு மாமா இப்டி சூடு போட்டது?" எங்கள் பக்கத்தில் கழுத்து வீங்கினால் சுட்ட கம்பியால் இழுப்பவர்கள் உண்டு. ஊதாக் கோட்டுக்குள் சதுரமாக வெந்திருந்ததை அவர்கள் அப்படித்தான் பார்த்தார்கள்.

"சூடு இல்லடா. புத்துக் கட்டி. அறுத்துட்டாங்க. மிச்சத்த இப்டித்தான் கருக்கறாங்க. ஒரு நாள் வுட்டாலும் மறுபடி மொளைக்குமாம்." அப்பா அதை முதன்முறையாக ஊரார் முன் சொன்னார்.

மச்சான் முறைக்காரர் சாலை நெடுகக் கையை நீட்டிக் காட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் வுட்டுடுவேன் மாமா. கள்ளக்குறிச்சி போறதுக்குள்ள எத்தினி மரம் கெடக்குது தெரியுமா? ஒவ்வொரு எடத்துலயும் துண்ட அவுத்துக் காட்டிக்கினே போவ முடியுமா? தெரியாதவன் அடிச்சிப்புட்டான்னா? பாலு, பிரசவம், பொணம். இந்த மூணுதான் எல்லா எடத்துலயும் செல்லும்."

"மூணுல எது தோதுப்படும்னு மாமாவே பாத்துக்கட்டும்" என்றான் முன்பு கேலி செய்தவன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

சாலையோரத்தில் ஒரு ஜீப் நின்றிருந்தது. வெள்ளிமலையிலிருந்து பலாப்பழம் ஏற்றி வந்து இறக்கிவிட்டுத் திரும்பும்போது மாட்டிக்கொண்டது. ஓட்டுநர் மலையைச் சேர்ந்தவர். படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வந்து அப்பாவிடம் சொன்னார்: "எனக்கும் ஒரு பொணம் கெடச்சாத்தாங்க நான் வூடு போய்ச் சேர முடியும்."

அப்பா அவரை முறைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரில எங்காளுங்க செத்தா மேல கொண்டுபோறது இந்த ஜீப்புதாங்க. மூடுன துணிய இதுவரைக்கும் ஒருத்தரும் தூக்கிப் பாத்ததில்ல. மலையேறி அந்தாண்ட எறங்கிட்டா சேலம் பக்கம். அங்க ரயிலு ஓடுது."

மச்சான் முறைக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் ஒண்ணும் கேக்கல. நான் ஒண்ணும் பாக்கல."

வீட்டில் அம்மா ஒப்பவில்லை. "உசுரோட இருக்கற புள்ளய பாடையில போடுவியா? போட்டுடுவியா நீ?" என்று அப்பாவின் சட்டையைப் பிடித்தாள். அப்பா வெள்ளை வேட்டியொன்றை எடுத்து மடிப்புக் கலைத்தார். ஜீப்பின் பின்புறம் வைக்கோல் பரப்பி, என்னைப் படுக்கவைத்து, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினார். பிறகு ஒரு கிழிந்த துணியை எடுத்துத் தாடைக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் முடிந்தார். பிணத்தின் வாய் திறந்துவிடாமல் கட்டுவார்களே, அந்தக் கட்டு. வெந்த தோலின்மேல் துணி உரசியபோது எனக்குக் கண் இருண்டது. "பொறுத்துக்கோ" என்றார். நான் பேச முடியாதபடி அவர் கட்டியாயிற்று.

அம்மா வெளியே வரவில்லை. ஜீப் நகர்ந்தபோது வாசலில் சளாரென்று தண்ணீர் விழும் ஓசை கேட்டது. பிணம் போனபின் வாசலைக் கழுவும் பழக்கத்தில், எல்லாம் தெரிந்த பக்கத்து வீட்டு அக்காதான் ஒரு குடத்தைக் கவிழ்த்துவிட்டாள். கை அதன் வேலையைச் செய்துவிட்டது. அம்மா அந்த அக்காவோடு இன்றுவரை பேசுவதில்லை.

வேட்டிக்கடியில் வெளிச்சம் பால்போல இருந்தது. ஒவ்வொரு மரத்தடியிலும் ஜீப் நிற்கும்; ஓட்டுநர் ஒரே பதிலைச் சொல்வார்.

"இன்னா உள்ள?"

"பொணங்க."

"எந்த ஊரு?"

"வெள்ளிமலைங்க."

"மலைக்காரனா? வுடு, வுடு."

அவ்வளவுதான். எங்கள் ஊர்க்காரன் பிணமாக இருந்திருந்தால் யார் மகன், எந்தத் தெரு, எப்படிச் செத்தான் என்று கேட்டிருப்பார்கள். ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டிருப்பாள். ஒருவன் துண்டை எடுத்துப் போர்த்தியிருப்பான். இந்தப் பிணத்தின் பெயரை வழிநெடுக யாரும் கேட்கவில்லை. கிளைகளை இழுக்கும் ஓசையும், ஜீப் மண்ணில் இறங்கிச் சுற்றி ஏறும் குலுக்கலும் மட்டும் இருந்தன. கூட்டம் கூட்டமாக நின்ற எங்கள் மக்களின் நடுவே, நான் எந்தெந்த ஊர்களில் பேச ஆசைப்பட்டேனோ அந்தந்த ஊர்களின் வழியே, வாய் கட்டப்பட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

கச்சிராயபாளையத்தைத் தாண்டினால் மலையேறும் மண்பாதை. அதற்கு முன் கடைசி மறிப்பு. அங்கே ஒருவன் என் தோழனின் ஏற்ற இறக்கம் சற்றும் குறையாமல், "பால் போகலாம், பிரசவம் போகலாம்" என்று முழங்க, மற்றவர்கள் "பிணம் போகலாம்" என்று முடித்தார்கள். ஒரே இரவில் அந்த வரி இவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தது.

"துணிய தூக்கிப் பாருடா. சாராயம் காச்ச வெல்ல மூட்ட ஏத்திக்கினு போவானுங்க, பொணம்னு சொல்லிக்கினு."

காலடிகள் நெருங்கின. அந்த நேரத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. எச்சில் இல்லாத தொண்டையில் தூசி போய் ஒட்டிக்கொண்டால் இருமாமல் இருக்க முடியாது. மூச்சை நிறுத்தினேன். நெஞ்சு தானாக எக்கியது. பாறையின்மேல் நின்று பழகிய மூச்செல்லாம் அங்கே எனக்குத் துணையாக இல்லை. யாரோ வேட்டியின் முனையைப் பிடித்தது தெரிந்தது.

அப்போது என் அப்பா அழுதார்.

"ஐயோ, எஞ்சாமி! என்ன வுட்டுட்டுப் போறியே!" என்று என் மார்பின்மேல் விழுந்து, இரு கைகளாலும் என்னைப் பிடித்துக் குலுக்கினார். அறுவை நடந்த அன்றும் அழாதவர். அந்தக் குலுக்கலுக்குள் நான் இருமினேன். ஒரு முறையல்ல, பலமுறை. அவர் குரல் அதையெல்லாம் மூடியது. வேட்டியின் முனையைப் பிடித்த கை விட்டுவிட்டது.

"வுடுங்கடா. பெத்தவன் அழுவுறான்."

ஜீப் மலையேறத் தொடங்கி, கொண்டையூசி வளைவுகள் சில கடந்த பின்னும் அவர் நிறுத்தவில்லை. "போதுங்க ஐயா, தாண்டிட்டோம்" என்று ஓட்டுநர் இரண்டு முறை சொன்னார். அப்பாவால் முடியவில்லை. அவர் நடிக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வெள்ளிமலையில் ஒரு டீக்கடையின் முன் ஜீப் நின்றது. "எழுந்திருங்க தம்பி, செத்தது போதும்" என்று ஓட்டுநர் வேட்டியை விலக்கினார். வாய்க்கட்டை அவிழ்த்தபோது தோலின் ஒரு படலம் துணியோடு வந்தது. பிணம் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்துக் கடைக்காரர் டம்ளரைக் கீழே போட்டார். விஷயத்தைக் கேட்டு முடித்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"கீழ ரோட்ட மறிக்கறாங்களா? எங்களுக்கும் ஆசதாங்க. மறிக்கறதுக்கு மொதல்ல ஒரு ரோடு போட்டுக் குடுக்கச் சொல்லுங்க."

ஓட்டுநரும் சிரித்தார். என்னிடம் அதற்குப் பதில் இருந்தது. பழங்குடிகளான அவர்களுக்கும் எங்களுக்கும் உள்ள ஒதுக்கீட்டு வேறுபாட்டை நான் பலமுறை மேடையில் விளக்கியவன். சூடான தேநீர் தொண்டையில் இறங்காது என்பதால் ஆறிய பாலை வாங்கி மிடறு மிடறாக விழுங்கினேன்.

வண்டிக்குக் காத்துக்காத்து அந்தப் பக்கம் இறங்கி, ரயில் பிடித்துச் சென்னை சேர்ந்தபோது திங்களும் செவ்வாயும் போய்விட்டிருந்தன. கழுத்தில் கோடுகள் இல்லை. வியர்வையும் வாய்க்கட்டும் அவற்றைத் தின்றிருந்தன. தோல் ஆறும்வரை புதிய கோடு கிழிக்க முடியாது என்று மேலும் சில நாள் நிறுத்தினார்கள். மருத்துவர் என்னைத் திட்டவில்லை. அப்பாவையும் திட்டவில்லை.

"விட்டதுக்கு ஈடு கட்டணும். முதல்ல சொன்னதவிடக் கூடுதலா வைக்கப்போறேன். இதுல எச்சில் சுரப்பி தாங்காது. தெரிஞ்சுக்கிட்டுத்தான் வைக்கறேன்."

"வைங்கம்மா" என்றார் அப்பா. என்னை யாரும் கேட்கவில்லை; கேட்டிருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன்.

மறுபடி அந்தக் கட்டிலில் படுத்த முதல் நாள், முடிந்து கதவு திறந்ததும், இயந்திரத்தை இயக்குபவர் என்னைப் பாராட்டினார். "இன்னிக்குத்தான் தம்பி கொஞ்சம்கூட அசையாம இருந்தீங்க."

சிகிச்சை முடிந்தது. கட்டி இதுவரை திரும்பி வரவில்லை. திரும்பாது என்று யாரும் சொல்லவும் இல்லை. சோதனைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் மருத்துவரின் விரல்கள் என் கழுத்தில் நகரும் நேரம் முழுவதும் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். வலக் கன்னத்தில் தாடி முளைப்பதில்லை. குரல் ஓரளவு வந்தது. எச்சில் வரவில்லை. ஐந்தாறு வாக்கியம் பேசினால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றிப் பெயர்க்க வேண்டும். தண்ணீர் குடித்துக் குடித்துப் பேசுபவனுக்குச் சொற்போட்டியில் இடமில்லை.

ஆகவே எழுதிக் கொடுக்கிறேன். அடுத்த மறியலை அறிவிக்கும் கூட்டத்துக்கும் என் தோழனுக்கு நான்தான் உரை எழுதினேன். புகழ்பெற்ற அந்த வரி வந்த இடத்தில் "நோயாளி போகலாம்" என்பதையும் சேர்த்திருந்தேன். அவன் படித்துப் பார்த்து முகம் சுளித்தான்.

"நாலாச்சின்னா தாளம் போயிடும்டா. அதுவும் இது தனியா நிக்குது. ஒனக்குத் தெரியாததா?"

"தாளம் போவட்டும்" என்றேன். "இது இருந்தே ஆவணும்."

"சரிடா, சரி. நீ சொன்னா சொல்லிடறேன்."

கூட்டத்தன்று என்னை மேடையில் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். துண்டு போட்டிருந்தேன், தண்ணீர்ப் புட்டி மடியில் இருந்தது. உரை நான் எழுதியபடியே ஏறி வந்தது. மூச்சு விட வேண்டிய இடத்தில் விட்டான், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினான். அந்த இடம் வந்தது. கையை உயர்த்தினான். "பால் போகலாம், பிரசவம் போகலாம், பிணம் போகலாம்!"

அங்கே அவனாக நிறுத்தவில்லை; கூட்டம்தான் அவனை நிறுத்தியது. மூன்றாவது சொல் விழுந்ததும் கைதட்டல் எழுந்து, நான்காவதற்கு இடமில்லாமல் செய்துவிட்டது. அவன் என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். நான் எழுந்தேன், வாயைத் திறந்தேன். நாக்கு அண்ணத்திலிருந்து பெயரவில்லை. புட்டியைத் திறந்து, தண்ணீரை வாயில் விட்டு, அது ஊறி நாக்கு விடுபடுவதற்குள் அவன் அடுத்த பத்திக்குப் போய்விட்டிருந்தான். கடைசி வரிசையில், கோடரியைத் தோளில் சாய்த்து நின்றவர்கள் அந்த மூன்றையும் தங்களுக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.